என் பேத்தியின் தலை போர்க்களம் அன்று

கடல் கடந்து வாழும் தமிழ்ப் பெருமக்களே! பிரெஞ்சு நாட்டின் தொழில் நகரங்களில் பனியையும் இயந்திர இரைச்சலையும் தாங்கி உழைக்கும் இசுலாமியத் தந்தையரே, தாய்மாரே! இந்த மடல் என் மகனுக்கு. அவன் ஒருவன் மட்டும் படித்துவிட்டு இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை அச்சேற்றி உங்கள் முன்னும் வைக்கிறேன். முறையீடு இதுதான். பன்னிரண்டு அகவை நிரம்பிய என் பேத்தி ஆயிசா, தலையில் ஒரு துணி அணிந்து சென்றாள் என்பதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். வெளியேற்றியது ஓர் அரசின் பள்ளி. வெளியேற்றப்பட்டவளை மீண்டும் உள்ளே சேர்க்க ஒரு நாளும் முயலாமல், படித்தது போதும் என்று வீட்டில் அமர்த்திவிட்டது அவளைப் பெற்ற தந்தை. ஆக, குற்றவாளிகள் இருவர். முதல் குற்றவாளியை நான் கண்டதில்லை. இரண்டாம் குற்றவாளியைத் தோளில் சுமந்து வளர்த்தேன். ஆகவே அவனிடமே பேசுகிறேன். நீங்கள் சான்றாக இருங்கள்.

மகனே, நீ தொலைபேசியில் அழைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலை நினைத்துப் பார். நம் வீட்டில் தொலைபேசி இல்லை. முனிச்சாலை முனையிலுள்ள மருந்துக்கடைக்குத்தான் உன் அழைப்பு வரும். கடைக்காரர் தெருவில் இறங்கி நின்று, "பாய்! பிரான்சுலேருந்து மகன் பேசுறாக! வெரசா வாங்க, அங்க காசு ஓடுதுல்ல!" என்று கூவினார். மேல்துண்டையும் எடுக்காமல் ஓடினேன். ஆயிசா வகுப்பில் முதலிடம் பெற்ற செய்தியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஓடினேன். நீயோ, "அத்தா, பிள்ளைய பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டிட்டேன். முக்காட்ட எடுத்தாத்தான் உள்ள விடுவானுகளாம். எடுக்க மாட்டா. நோன்புக்கு முன்னாடி மதுரைக்குக் கூட்டிட்டு வாரேன். நீங்களும் தங்கச்சியும் வச்சுக்கங்க. ரெண்டு மூணு வருசத்துல நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருவோம்" என்றாய். சந்தையில் கன்றுக்கு விலை பேசுபவன்கூட அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். நீ உன் மகளின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டாய்.

"இது அவ சொல்றாளா, நீ சொல்றியா?" என்று கேட்டேன். "நான் அவ அத்தா. நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான்" என்றாய். நான் குரலை உயர்த்தினேன். நீ அதைவிட உயர்த்தினாய். "நீங்க மொழிக்காக மறியல் பண்ணி செயிலுக்குப் போனீக. ஊரே மாலை போட்டுச்சு. நான் மார்க்கத்துக்காக நின்னா மட்டும் ஒங்களுக்குக் கசக்குதாக்கும்?" என்றாய். மாத்திரை வாங்க வந்தவர்கள் என்னையே பார்த்தனர். எத்தனையோ கூட்டங்களில் குறுக்கே எழுந்த வினாக்களுக்கு நின்ற இடத்திலேயே விடையிறுத்தவன், அன்று மருந்து மணத்தின் நடுவே நாவெழாமல் நின்றேன். உன் கேள்விக்கு விடையில்லை என்பதால் அன்று. சினத்தில் என் சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன என்பதால். விடையை இங்கே எழுதுகிறேன், கேள்.

ஆம், நான் சிறை சென்றேன். என் கால்களால் நடந்து சென்றேன். தடி என் முதுகில் விழுந்தது; கஞ்சியில் நெளிந்த புழு என் தட்டில் நெளிந்தது. நீ அப்போது எட்டாம் வகுப்பு. உன் கையில் கறுப்புக்கொடியைத் திணித்து, 'நீ போய் அடி வாங்கி வா, நான் வீட்டிலிருந்து பெருமைப்படுகிறேன்' என்று சொன்னேனா? நான் உள்ளே இருந்த காலமெல்லாம் உன் தாய் ஒரு நாளும் உன் பள்ளியைத் தவறவிடவில்லை. கணவன் சிறையில், அடுப்பில் விறகில்லை. ஆனாலும் உன் சட்டை துவைத்திருந்தது. போராடுகிறவன் தன்னுடையதை இழப்பான். நீ எதை இழந்தாய்? உன் வேலை போயிற்றா? ஊர்தித் தொழிற்சாலையில் அவர்கள் கொடுத்த தொப்பியை அவர்கள் சொன்னபடியே அணிகிறாய்; சங்கு ஊதினால் எழுகிறாய், ஊதினால் அமர்கிறாய்; தொழுகைக்கு நேரம் விடாத மேற்பார்வையாளனிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேசியதாக நீ எனக்கு எழுதியதில்லை. உன் தலை வளையும், கூலி வருகிறது. அவள் தலை மட்டும் வளையக் கூடாது, ஏனெனில் அதற்குரிய விலையை நீ கொடுக்கவில்லை. இழப்பு முழுவதும் அவளுக்கு; வீரப்பட்டம் முழுவதும் உனக்கு. இதைத்தான் என் சிறைவாசத்தோடு எடைபோட்டாயா?

இதைக் கேட்டு அந்த அரசு மகிழ வேண்டாம். பள்ளி முகப்பில் விடுதலை, நிகர்மை, உடன்பிறப்புணர்வு என்று மூன்று சொற்களைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று முன்பொரு முறை நீ வியந்து எழுதினாய். அந்த மூன்று சொற்களுக்கும் கீழே ஒரு சிறுமியை நிறுத்திக் கதவை அடைத்திருக்கிறார்கள். மதம் அரசின் கழுத்தைப் பிடிக்கக் கூடாது என்பது நான் சோழவந்தானிலும் மேலூரிலும் தொண்டை கட்டும்வரை முழங்கிய கொள்கை. அக்கொள்கையின் பொருள், அரசு தன் கைகளைக் கட்டிக்கொள்வது. குழந்தையின் தலைக்கு நீளும் கைக்கு அப்பெயரைச் சூட்டுவது ஏமாற்று. ஞாயிறு ஏன் அங்கே விடுமுறை? குளிர்காலத்தில் பள்ளியை மூடிவைத்து அவர்கள் கொண்டாடுவது யாருடைய பிறப்பை? தங்கள் வழக்கமென்றால் அது நாட்டின் பண்பாடு; உங்கள் வழக்கமென்றால் அது நாட்டுக்கு இடர்! ஊர்தி செய்யக் கை வேண்டியபோது எத்தனை நாடுகளில் ஆள் தேடினார்கள்! வந்தவர்களைக் குளிரூறும் அடுக்குமாடிகளில் ஊருக்கு வெளியே குவித்தார்கள். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்கள் மொழியையே பேசிக்கொண்டு பள்ளிக்கு வந்தபோது, 'நீங்கள் எங்களோடு கலக்க மறுக்கிறீர்கள்' என்கிறார்கள். கலக்க வந்தவளைத்தானே கதவுக்கு வெளியே தள்ளினீர்கள்? படித்து அவர்களைப் போல் ஆகாவிட்டாலும் அவர்களுக்கு நிகராக ஆகக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளை வெளியேற்றியவன் தன் கொள்கையையே வெளியேற்றினான்.

நம் ஊர் மட்டும் தூய்மையானது என்று நான் சொல்லவில்லை. மேற்கு வீதிப் பக்கம் நாம் வீடு தேடி அலைந்தபோது, முன்பணத்தைக் கையில் வாங்கிய பிறகு பெயரைக் கேட்ட வீட்டுக்காரர், "தப்பா நெனைக்காதீங்க பாய், நாங்க சைவம், வாசம் ஆகாது" என்று திருப்பிக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். படியிறங்கும்போது, "அத்தா, அந்தாளு தாடையில முட்ட மஞ்சக்கரு ஒட்டியிருந்துச்சு" என்றாய் நீ. நாம் இருவரும் அந்தத் தெரு முழுவதும் சிரித்துக்கொண்டே நடந்தோம். சிரித்தோமே தவிர நெஞ்சு எரிந்தது. அப்படிப்பட்ட ஊரில்தான் உன் தங்கை கதீசா படித்தாள். எப்படிப் படித்தாள் என்பதை நீ மறந்துவிட்டாய். அல்லது மறக்க விரும்புகிறாய். நினைவூட்டுவது என் கடமை.

எழுபதுகளின் தொடக்கம் அது. கதீசா பூப்பெய்தினாள். நம் தெருவில் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் பள்ளிக்குப் போனதில்லை. சடங்கு முடிந்ததும் புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றுவதும் சடங்கின் ஒரு பகுதியாகவே இருந்தது. உன் தாய் பரணில் ஏற்றவில்லை. செய்தி பரவி, பள்ளிவாசல் நிருவாகத்தின் பெரியவர், தோல் மண்டி முதலாளி, நம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் அமர்ந்து தேநீரைத் தொடாமல், "தம்பி, மேடையில பேசுறத எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராதீக. வயசுக்கு வந்த பிள்ள தெருவுல போனா நாளைக்கி யாரு கட்டுவா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் திரைக்கு அப்பாலிருந்து உன் தாய் கேட்டாள்: "அண்ணே, ஒங்க மருமக பேறுகாலத்துக்கு எங்க சேத்தீக?" "ஆசுபத்திரியிலதான். லேடி டாக்டர்ட்ட." "அந்த லேடி டாக்டரு வானத்துலேருந்தா குதிச்சா? அவளும் வயசுக்கு வந்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போயிருப்பா. அடுத்தவுக வீட்டுப் பிள்ள படிச்சு ஒங்க வீட்டுக்கு வைத்தியம் பாக்கணும், ஒங்க தெருப் பிள்ள மட்டும் படிக்கக் கூடாது. நல்லாருக்குண்ணே நாயம்! டீ ஆறுது, குடிங்க." பெரியவர் குடித்தார். குடித்துவிட்டு, "இவளையும் மேடையில ஏத்திருங்க தம்பி, ஒங்களுக்குக் கூட்டம் வராது" என்று சொல்லிப் போனார். ஆனால் பள்ளிவாசலில் நம்மோடு பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமைகளில் நான் தொழுகைக்குச் சென்றால் என் இருபுறமும் இடம் காலியாக இருக்கும். நீயும் அந்த வெற்றிடத்தின் அருகேதான் தொழுதாய்.

அடுத்த தடை பள்ளியில் இருந்தது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் சீருடை பச்சைப் பாவாடை, வெள்ளைத் தாவணி. கதீசா அந்த வெள்ளைத் தாவணியின் முந்தியையே எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு சென்றாள். உடற்பயிற்சி ஆசிரியை வாயிலிலேயே மறித்து, "ஏய், இது என்ன நிக்கா வீடா? முக்காட்ட எடுத்துட்டு உள்ள வா" என்று எல்லார் முன்னும் சொல்லி வெளியே நிறுத்திவிட்டார். மிதிவண்டியில் கொண்டுவிட்டவன் நீதான். வீட்டுக்கு விரைந்து வந்து, மூச்சிரைக்க, "அம்மா, அவள வெளிய நிப்பாட்டிட்டாங்க" என்று சொன்னவனும் நீதான். உன் தாய் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நடந்தே போனாள். நானும் உடன் சென்றேன். தலைமையாசிரியை நெற்றி நிறையத் திருநீறு அணிந்த அம்மையார். சிரிப்பென்பதே அறியாதவர் என்று பெயரெடுத்தவர். நான் மதச்சார்பின்மையைப் பற்றி ஒரு முன்னுரை தொடங்கினேன். உன் தாய் என் கையைத் தட்டி நிறுத்தினாள். "டீச்சரம்மா, நீங்க சொன்ன துணிதான். நீங்க சொன்ன வெள்ளதான். ஒரு முழம்கூட எச்சு இல்ல. அது தோள்ல கெடந்தா யூனிபாரம், தலையில ஏறுனா குத்தமா?" தலைமையாசிரியை கதீசாவை உள்ளே அழைத்து ஏற இறங்கப் பார்த்தார். "காது தெரியணும். நான் கணக்கு சொல்லிக் குடுக்கும்போது கேக்கலன்னு சொல்லக் கூடாது. வெளையாட்டுல கால்ல மாட்டி விழக் கூடாது." "அம்புட்டுத்தானா டீச்சரம்மா?" "அம்புட்டுத்தான். அவர் ஏன் இன்னும் நிக்கிறாரு?" அவர் என்றது என்னை. என் முன்னுரை இன்றுவரை முடிவுறவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் சட்டம் இயற்றவில்லை. தெருவில் தாவணி தலையில் இருக்கும். வகுப்பில் தன்னால் தோளுக்கு நழுவும். மணியடித்தால் மீண்டும் ஏறும். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதைக் கதீசாவே முடிவு செய்தாள். நானும் கேட்கவில்லை, பள்ளியும் கேட்கவில்லை. வெளியே நிறுத்திய அதே உடற்பயிற்சி ஆசிரியை பின்னர் இரண்டு ஊசிகளால் முந்தியைச் செருகிவிட்டு வளையப்பந்து ஆடக் கற்றுக்கொடுத்தார். அவளைப் பார்த்து நம் தெருவில் மேலும் சில வீடுகளின் பரணிலிருந்து புத்தகக் கட்டுகள் இறங்கின. தோல் மண்டி முதலாளியின் பேத்தியும் அவர்களுள் ஒருத்தி. இன்று கதீசா ஒத்தக்கடைக்கு அப்பால் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. உன் தாய் அவள் வேலைக்குச் சேர்ந்ததைக் கண்டுவிட்டுத்தான் மண்ணுக்குள் போனாள்.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். சென்ற விடுமுறைக்கு நீங்கள் வந்தபோது, ஆயிசா தன் அத்தையோடு நாள்தோறும் மேலூர்ப் பேருந்தில் அந்தப் பள்ளிக்குப் போய் வந்தாள். நீ உறவினர் வீடுகளில் விருந்துண்டு கொண்டிருந்தாய். அவள் பின்வரிசையில் அமர்ந்து, சேலை முந்தியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கரும்பலகையில் கணக்கெழுதும் தன் அத்தையைப் பார்த்தாள். ஆண் ஆசிரியர்கள் எழுந்து வழிவிடுவதைப் பார்த்தாள். ஊர் திரும்பியதும் தலையில் துணி போட்டாள். தொலைபேசியை நீ வைக்கப்போகையில் அவள் பறித்துக்கொண்டாளே, அப்போது அவள் சொன்னவை இவை, நீ அருகில் நின்றும் உன் காதில் ஏறவில்லை: "தாத்தா, எனக்கு அத்தை மாதிரி கணக்கு டீச்சர் ஆகணும். அதுக்குத்தான் போட்டேன். இப்ப பள்ளிக்கூடத்துல துணிய எடுன்னு சொல்றாங்க. அத்தா எடுக்காதன்னு சொல்றாங்க. எனக்கு என்ன வேணும்னு எங்கிட்ட யாருமே கேக்கல தாத்தா." "ஒனக்கு என்னம்மா வேணும்?" "இந்த வாரம் அல்சிபிரா கணக்கு ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அது போச்சு" என்று அழுதாள். கேட்டாயா? மார்க்கம் போயிற்று என்று அவள் அழவில்லை, மானம் போயிற்று என்று அழவில்லை. குறிக்கணக்கு போயிற்று என்று அழுதாள். அந்த அரசு அவள் தலையில் அடிமைத்தனத்தைக் கண்டது. நீ அங்கே கொடியைக் கண்டாய். அவள் அங்கே வைத்திருந்ததோ ஓர் ஆசிரியை ஆகும் கனவு.

உன்னைச் சூழ்ந்து நிற்கும் தொழுகைக்கூட நண்பர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொராக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்து, கட்டடத்தின் நிலவறையில் பாய் விரித்துத் தொழும் அந்த உழைப்பாளிகளின் சினம் எனக்குப் புரிகிறது. அவர்களை எச்சில் துப்பி அழைத்தவர்கள் உண்டு. வீடு மறுக்கப்படுவதன் சுவை எனக்கும் தெரியும். ஆயினும் கேட்கிறேன்: 'விட்டுக்கொடுக்காதே, உன் மகள் நம் சமுதாயத்தின் பெருமை' என்று உன் தோளைத் தட்டியவர்களில் எவனாவது அவள் இழந்த பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தானா? எவனாவது தன் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தோழமை காட்டினானா? அவர்கள் மகன்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் அமர்ந்திருப்பவள் பெண். எந்த நாட்டிலும், எந்தக் கட்சியிலும், ஆண்களின் சண்டையில் முதலில் விற்கப்படுவது பெண்ணின் புத்தகம்தான். நம் தெருவின் பரணை நீ விமானத்தில் ஏற்றி அந்த ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறாய்.

அவளை இங்கே அனுப்புவதாகச் சொன்னாய். கேள்: விடுமுறைக்கு வரட்டும், என் கண்ணில் வைத்துக்கொள்வேன். மண விலைக்குக் காத்திருக்கும் பண்டமாக அவளை நீ கொண்டுவந்தால், விமான நிலையத்திற்கு நானே வருவேன். வந்து அவள் பெட்டியை உன் தலையிலேயே ஏற்றி, இருவரையும் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவேன். அவள் பிறந்த ஊர் அது. அந்த மண்ணில் அவளுக்கு உள்ள உரிமை அவளை வெளியேற்றிய பள்ளியின் தலைமையாசிரியருக்கு உள்ள உரிமையில் ஓர் இம்மியும் குறைந்ததன்று. விரட்டுபவனுக்கு வசதியாக அவளை நீயே அழைத்துக்கொண்டு வெளியேறுவாயா? 'இவர்கள் இங்கே பொருந்தமாட்டார்கள்' என்று அவன் சொல்வதற்கு உன் கையாலேயே சான்று எழுதிக் கொடுப்பாயா?

ஆகவே மகனே, மறுமொழி எழுதாதே. எழு. ஆயிசாவை உன் முன் உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேள்; கேட்டபின் வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வது முழுவதையும் கேள். நாளைக் காலை தொழிற்சாலைக்குப் போகாதே. கூலி போகட்டும், இதுவே நீ கொடுக்கும் முதல் விலையாக இருக்கட்டும். முதல் மணிக்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளி வாயிலில் நில். துணியோடு உள்ளே விடு என்று அவர்கள் மொழியில், அவர்கள் சட்டத்தைச் சுட்டி, உரக்கக் கேள். மறுத்தால், துணியோடு வாயிலில் நிற்பதா, வகுப்புக்குள் தோளுக்கு இறக்கிக்கொள்வதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். எதைத் தேர்ந்தாலும் உன் முகம் சுளிக்கக் கூடாது. அவள் உள்ளே சென்றால் நீ வெளியே நின்று போராடு: வழக்குத் தொடு, மறியல் செய், கதவு திறக்கும்வரை ஒவ்வொரு காலையும் அங்கே நில். அடி விழுந்தால் உன் முதுகில் விழட்டும். அவள் வெளியே நிற்பதைத் தேர்ந்தால், ஒரு மேசையை வாயிலில் போட்டு அங்கேயே அவளுக்குப் பாடம் நடக்கட்டும். நகரம் முழுவதும் பார்க்கட்டும். எதுவாயினும் குறிக்கணக்கு நாளையே தொடங்க வேண்டும்.

படித்து முடித்துவிட்டாய் அல்லவா? அடுத்த அறையில்தானே இருக்கிறாள். போ. கூப்பிடு.